பாதி சார்ஜ் இருக்கும்போதே லோ பேட்டரி அலாரம் ஏன்? மருந்து அடிக்கும் ட்ரோனுக்குள் கரண்ட் பிரியும் கதை

மருந்து அடிக்கும் ட்ரோன் வைத்திருக்கிறவர்களிடம் திரும்பத் திரும்ப வருகிற சந்தேகம் ஒன்று உண்டு. முதல் டேங்க் பிரச்சினை இல்லாமல் முடிகிறது. பேட்டரி பாதிக்கு மேல் இருப்பதாகத் திரை காட்டுகிறது. அதே பேட்டரியோடு இரண்டாவது டேங்கை நிரப்பித் தூக்கினால், வரப்பைத் தாண்டுவதற்குள் லோ பேட்டரி அலாரம் அடித்து ட்ரோன் தானாகத் திரும்பப் பார்க்கிறது. இறக்கி வைத்துப் பார்த்தால் மறுபடியும் பாதிக்கு மேல் காட்டுகிறது. "அண்ணே, டூப்ளிகேட் பேட்டரியைத் தலையில கட்டிட்டாங்களா?" என்று மெக்கானிக்கிடம் கேட்கிறார்கள். அவர் சாப்ட்வேரைச் சொல்கிறார், விற்றவர் வெயிலைச் சொல்கிறார்.

பெரும்பாலும் காரணம் இது எதுவும் இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் எங்கெங்கே பிரிகிறது, எங்கே எவ்வளவு போகிறது, வழியில் எங்கே வீணாகிறது என்று தெரிந்தால் இந்தப் புதிர் அவிழ்ந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசரமும் இருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த நமோ ட்ரோன் தீதி திட்டம் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுப்பதை இலக்காக வைத்தது. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். மீதியைக் கடன் வாங்கிக் கட்டுகிற ஒரு குழுவுக்கு ஒரு ஜோடி பேட்டரி அகாலத்தில் போவது பெரிய அடி. ட்ரோனே விழுந்தால் சொல்லவே வேண்டாம்.

வோல்ட், ஆம்பியர், வாட்: இவ்வளவு போதும்

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். ட்ரோனைத் தூக்கி நிறுத்துவது வாட்தான். ஒரே வாட்டை அதிக வோல்ட், குறைந்த ஆம்பியரிலும் கொடுக்கலாம், குறைந்த வோல்ட், அதிக ஆம்பியரிலும் கொடுக்கலாம். ஆனால் வயரிலும் கனெக்டரிலும் உண்டாகும் சூடு ஆம்பியரைப் பொறுத்தது, அதுவும் அதன் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற பாதி விஷயம் தானாகப் புரியும்.

10 லிட்டர் ட்ரோனில் இரண்டு பேட்டரிப் பெட்டிகளை வரிசையில் இணைத்து 44 வோல்ட்டுக்கு ஏற்றுவது இதனால்தான். 22 வோல்ட்டிலேயே ஓட்டினால் அதே வேலைக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் வேண்டும், வயர் தடிக்க வேண்டும், எடை கூடும். ட்ரோனில் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் மருந்தில் குறைகிற கிலோ. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில் 'சிறிய' ரகம் என்பது 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை. 10 லிட்டர் மாடல்கள் மருந்தோடு சேர்த்து அந்த 25-க்குள் அடங்கும்படி செய்யப்பட்டவை. இஷ்டத்துக்குத் தடித்த வயரோ பெரிய பேட்டரியோ வைக்க அதில் இடம் கிடையாது.

பேட்டரி: இரண்டு பெட்டி, ஒரே வரிசை

லித்தியம் பாலிமர் செல் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுசாக ஏறினால் 4.2. ஒரு பெட்டியில் 6 செல், ஆக 22.2 வோல்ட். பெட்டிமேல் '6 எஸ்' என்று போட்டிருப்பது இதைத்தான். இரண்டு பெட்டியை வரிசையில் இணைத்தால் 12 செல், 44.4 வோல்ட், முழு சார்ஜில் 50.4. ஒரே பெட்டியில் 12 அல்லது 14 செல் வைத்து வருகிற மாடல்களும் உண்டு.

இங்கே இரண்டு விஷயம் பலருக்குக் குழம்புகிறது.

1. வரிசையில் இணைத்தால் வோல்ட்தான் கூடும், கொள்ளளவு கூடாது. 16,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் ஹவர், கொள்ளளவைச் சொல்லும் அளவு) பெட்டி இரண்டு போட்டால் 32,000 ஆகாது. 16,000-தான், அது 44 வோல்ட்டில் கிடைக்கிறது.

2. வரிசையில் இருக்கும் இரண்டு பெட்டிக்குள்ளும் ஒரே கரண்ட்தான் ஓடும். ஒன்று புதுசு, மற்றொன்று பழசு என்றால் புதுசு உதவிக்கு வராது. பழசு முதலில் காலியாகும், ஆனாலும் அதன் வழியாகத்தான் கரண்ட் போயாக வேண்டும். காலியான செல்லுக்குள் மேலும் கரண்டை இழுத்தால் அந்த செல் நிரந்தரமாகக் கெடும், உப்பும்.

திரை காட்டுவது பல மாடல்களில் மொத்த வோல்ட் ஒன்றைத்தான். 44.4 என்று காட்டுகிறது, நல்லது என்று நினைப்போம். இறக்கிப் பெட்டிகளைத் தனியே கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் ஒன்றில் 23.4, மற்றதில் 21.0 இருக்கும். கூட்டினால் அதே 44.4-தான், ஆனால் முதல் பெட்டியில் செல்லுக்கு 3.9, இரண்டாவதில் 3.5. இரண்டாவது பெட்டி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மொத்தம் இதை மறைத்துவிடுகிறது.

நமோ ட்ரோன் தீதி வழிகாட்டுதலில் ட்ரோனோடு வரும் பேட்டரி செட் தவிர கூடுதலாக 4 செட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், நாளுக்கு 20 ஏக்கர் வரை அடிப்பதற்காக. ஆக ஒரு குழுவின் கையில் ஐந்து செட், இரண்டிரண்டு பெட்டி என்றால் பத்துப் பெட்டி. எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வயல் வேலை அவசரத்தில் எது கைக்கு வருகிறதோ அதை எடுத்து மாட்டினால் ஒரு பருவத்துக்குள் ஜோடி கலைந்துவிடும். பெயிண்ட் மார்க்கரால் 1அ, 1ஆ, 2அ, 2ஆ என்று எழுதி, ஒரே ஜோடியாக ஏற்றி ஒரே ஜோடியாக இறக்குவதுதான் வழி. பைசா செலவில்லை, பேட்டரி ஆயுளைக் காப்பதில் இதற்கு இணையான வேலையும் இல்லை.

கரண்ட் பிரியும் மூன்று பாதைகள்

பேட்டரியிலிருந்து வரும் தடித்த சிவப்பு, கறுப்பு வயர்கள் நேராகப் போய்ச் சேரும் இடம் பவர் டிஸ்ட்ரிபியூஷன் போர்டு, சுருக்கமாக பி.டி.பி. பெயர்தான் பெரிசு. உள்ளே இருப்பது தடிமனான செப்புப் பட்டைகள்: ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ். அங்கிருந்து மோட்டாரைத் தாங்கும் ஒவ்வொரு கைக்கும் கிளை வயர் பிரிகிறது. வழியிலேயே ஒரு கரண்ட் சென்சார் உட்கார்ந்து எத்தனை ஆம்பியர் போகிறது என்று அளக்கும்.

1. தூக்கும் பாதை. ஆறு கை ட்ரோன் என்றால் ஆறு கிளை. பேட்டரியின் வோல்ட் அப்படியே, குறைக்காமல், ஒவ்வொரு கையிலும் இருக்கும் இ.எஸ்.சி. எனும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போகிறது. அது நேர்மின்சாரத்தை வெட்டி வெட்டி மூன்று பேஸ் மின்சாரமாக்கி மோட்டாருக்குக் கொடுக்கிறது. மோட்டாருக்கு மூன்று வயர் போவது அதனால்தான். மொத்த மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இந்தப் பாதையில்தான் போகிறது.

2. மூளைக்குப் போகும் பாதை. ஃபிளைட் கன்ட்ரோலர், ஜி.பி.எஸ்., ரிசீவர், உயரம் பார்க்கும் ரேடார், கேமரா. இவற்றுக்கு 5 வோல்ட், 12 வோல்ட் போதும். 50 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் அந்த நொடியே கருகும். நடுவில் ஒரு குறைப்பான் (பி.இ.சி. என்பார்கள், சில மாடலில் பவர் மாட்யூல்) வோல்ட்டை இறக்கிக் கொடுக்கிறது. எல்லாம் சேர்ந்தாலும் பத்திருபது வாட்தான்.

3. தெளிக்கும் பாதை. பம்ப், அதோடு சுழலும் நாசில் இருந்தால் அதன் சின்ன மோட்டார்கள். சில மாடலில் பம்ப்புக்கு பேட்டரி வோல்ட் நேராகப் போகும், சிலவற்றில் 12 அல்லது 24 வோல்ட்டாக இறக்கித் தருவார்கள். நூறு வாட் அளவு.

இந்த அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூக்குவதற்கு மூவாயிரம் வாட்டுக்கு மேல், மூளைக்கு இருபது வாட். ஆனால் உயிர் இருப்பது அந்த இருபது வாட்டில். மோட்டார் ஒன்று அரை நொடி திணறினால் மற்ற ஐந்தும் ஈடுகட்டப் பார்க்கும். ஃபிளைட் கன்ட்ரோலருக்குப் போகும் 5 வோல்ட் கண நேரம் சரிந்தால் அது அணைந்து மறுபடி ஆரம்பிக்கும், அதற்குள் ட்ரோன் தரையில் இருக்கும். என்னைப் பொறுத்தவரை இந்த யந்திரத்தின் மின் அமைப்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: மூவாயிரம் வாட் பாதையில் நடக்கும் குலுக்கல், இருபது வாட் பாதையை எவ்வளவு தொடுகிறது? நல்ல மாடல்களில் ஃபிளைட் கன்ட்ரோலருக்கு இரண்டு தனித்தனி சப்ளை கொடுத்திருப்பார்கள், ஒன்று போனால் மற்றது தாங்கும். வாங்கும்போது எத்தனை லிட்டர், எத்தனை நிமிஷம் என்று விசாரிக்கிற மாதிரி இதையும் விசாரிக்க வேண்டும்.

கூடுதல் விளக்கு, இன்னொரு கேமரா என்று எதையாவது அந்த 5 வோல்ட் லைனில் ஒட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தரையில் எரியும், சோதித்தால் சரியாகத்தான் இருக்கும். பம்ப் ஓடத் தொடங்குகிற, மோட்டார்கள் முழு இழுவையில் இருக்கிற ஒரு கணத்தில்தான் அந்தக் கூடுதல் சுமை கைவிடும்.

எவ்வளவு கரண்ட்? ஒரு கணக்கு

மாடலுக்கு மாடல் எண் முன்னே பின்னே இருக்கும், ஆனால் கணக்கின் போக்கு ஒன்றுதான். மருந்தோடு 24 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவு புரொப்பல்லர் உள்ள ட்ரோன் அந்தரத்தில் நிற்க ஒரு வாட்டுக்கு ஏழெட்டு கிராம் தூக்கும். 7.5 என்று எடுத்தால் 3,200 வாட். 44.4 வோல்ட்டால் வகுத்தால் 72 ஆம்பியர். ஆறு மோட்டாருக்குப் பிரித்தால் ஆளுக்கு 12 ஆம்பியர். மேலே ஏறும்போது, காற்றை எதிர்க்கும்போது, வயல் ஓரத்தில் திரும்பும்போது இதற்கு மேல் போகும்.

டேங்க் காலியானதும் எடை 14 கிலோ. பவர் எடையோடு நேராகக் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறைகிறது. எடையை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும் விகிதத்தில். கணக்குப் போட்டால் சுமார் 1,430 வாட், 32 ஆம்பியர். எடை பாதிகூடக் குறையவில்லை, கரண்ட் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ஒரு ஏக்கர் அடிக்கிற ஏழெட்டு நிமிஷத்தில் பேட்டரி படும் பாடு ஒரே சீராக இல்லை. தூக்கும்போது உச்சம், பிறகு மருந்து குறையக் குறைய இளைப்பு. அலாரம் ஏன் இரண்டாவது டேங்கைத் தூக்கும்போது அடிக்கிறது என்பதற்குப் பாதி பதில் இதிலேயே வந்துவிட்டது.

இரண்டாவது டேங்க்: மீதிப் பாதி பதில்

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு உள்தடை இருக்கிறது. நல்ல புது செல்லில் ஒன்றிரண்டு மில்லி ஓம் (ஓம் என்பது தடையின் அளவு, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஓம்). வயதாக ஆக, வெயிலில் வெந்து வெந்து, முழுக்கக் காலியாக்கி ஓட்டி ஓட்டி அது ஏறும். கரண்ட் ஓடும்போது இந்தத் தடையில் கொஞ்சம் வோல்ட் தொலைகிறது. ஓடாதபோது தொலைவதில்லை. தரையில் இறக்கியதும் வோல்ட் 'மறுபடி ஏறிவிடுகிற' மாயம் இதுதான்.

இரண்டாவது டேங்கைத் தூக்கும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். பேட்டரி பாதியில் இருக்கிறது, ஓய்வில் செல்லுக்கு 3.8, மொத்தம் 45.6 வோல்ட். முழு டேங்கோடு மேலே ஏற 4,000 வாட் வேண்டும் என்று வைப்போம்.

1. புது ஜோடி. செல்கள், வயர், கனெக்டர் எல்லாம் சேர்ந்து மொத்தத் தடை 30 மில்லி ஓம். கரண்ட் சுமார் 93 ஆம்பியர், வோல்ட் 42.8-க்கு இறங்கும். செல்லுக்கு 3.57. அலாரம் 3.5-இல் வைத்திருந்தால் சத்தமில்லாமல் போய்விடும்.

2. பழைய ஜோடி. செல்லுக்கு 5 மில்லி ஓம் ஆகி, மொத்தத் தடை 70 மில்லி ஓம். இப்போது அதே வேலைக்குக் கரண்ட் 104 ஆம்பியருக்கு ஏறுகிறது, வோல்ட் 38.3-க்கு விழுகிறது. செல்லுக்கு 3.2. அலாரம் அடிக்கும். அடிக்கவும் வேண்டும்.

இரண்டிலும் 'மீதி சார்ஜ்' அதே பாதிதான். திரை பொய் சொல்லவில்லை, அலாரமும் பொய் சொல்லவில்லை. ஒன்று எவ்வளவு மீதி இருக்கிறது என்று சொல்கிறது, மற்றது அதை இந்த வேகத்தில் தர முடியுமா என்று சொல்கிறது.

இதில் இன்னொரு கொடுமையும் சேர்ந்திருக்கிறது. பழைய குண்டு பல்பில் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் குறையும், கரண்டும் குறையும், அத்தோடு சரி. ட்ரோன் அப்படி விடாது. வோல்ட் குறைந்தால் மோட்டார் வேகம் தளரும், உயரம் இறங்கும், உடனே ஃபிளைட் கன்ட்ரோலர் இன்னும் முடுக்கும், கரண்ட் ஏறும், அதனால் வோல்ட் மேலும் குறையும். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே போகும். நல்ல பேட்டரியில் இது ஓரிடத்தில் நின்றுவிடும். தளர்ந்த பேட்டரியில், முழு டேங்கில், எதிர்க்காற்றில் நிற்காமல் போகிற நிலை வரலாம். அலாரத்தைக் குறைந்த வோல்ட்டுக்கு மாற்றி வைத்து 'சரி பண்ணிவிட்டேன்' என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். அவர்கள் அடக்கியது எச்சரிக்கும் ஒரே குரலைத்தான்.

செய்ய வேண்டியது சுலபம். பழைய ஜோடியில் ஒரு டேங்குக்கு ஒரு பேட்டரி மாற்றம். இல்லையென்றால் இரண்டாவது முறை பாதி டேங்க் மட்டும். நம் செட்டிநாட்டுக் கண்மாய்ப் பாசனத்தில் ஒருவருக்கே அரை ஏக்கர் இங்கே, முக்கால் ஏக்கர் அங்கே என்று துண்டு துண்டாகத்தான் இருக்கும். எப்படியும் இடம் மாற வேண்டும், அந்த நேரத்திலேயே பேட்டரியையும் மாற்றிக்கொள்ளலாம்.

சூடாகும் மூட்டு

மேலே சொன்ன தடையில் செல்லின் பங்கை நாம் ஒன்றும் செய்ய முடியாது. வயரும் கனெக்டரும் நம் கையில் இருக்கின்றன.

8 ஸ்கொயர் (8 சதுர மில்லிமீட்டர்) செப்பு வயர் மீட்டருக்கு இரண்டு மில்லி ஓம் அளவுதான், அதில் பெரிய நஷ்டம் இல்லை. ஆபத்து மூட்டில். நன்றாக இருக்கும் கனெக்டரில் ஒரு மில்லி ஓம் என்றால் 72 ஆம்பியரில் 5 வாட் சூடு, காற்றிலேயே ஆறிவிடும். அதே கனெக்டர் தேய்ந்து, கறுத்து, பிடி தளர்ந்து 10 மில்லி ஓம் ஆனால் 52 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் இவ்வளவுதான் இழுக்கும். ட்ரோனின் வயிற்றுக்குள் ஒரு சால்டரிங் அயர்னை மாட்டிவிட்டுப் பறக்கவிடுகிற மாதிரி. பற்றவைத்த ஈயம் 183 டிகிரியில் இளகும். இளகினால் தடை கூடும், கூடினால் மேலும் சூடு.

கனெக்டர் எதனால் கெடுகிறது? முதல் காரணம், மாட்டும்போது வருகிற பொறி. இ.எஸ்.சி.-களுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைக்கும் உறுப்புகள்) காலியாக இருக்கும். பேட்டரியை மாட்டிய கணத்தில் அவை மொத்தக் கரண்டையும் ஒரே இழுப்பில் இழுக்கும். 'சடக்' என்று பொறி பறந்து தங்கப் பூச்சு கருகும். எக்ஸ்டி 90 எஸ், ஏஎஸ் 150 போன்ற பொறி தடுக்கும் கனெக்டர்களில் உள்ளே ஒரு சின்னத் தடை முதலில் தொட்டு, கெப்பாசிட்டரை மெதுவாக நிரப்பிய பிறகுதான் முழுத் தொடர்பு கிடைக்கும். நிதானமாக, பாதி தூரத்தில் ஒரு கணம் நிறுத்தி, பிறகு அழுத்த வேண்டும். படாரென்று குத்தினால் அந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை.

இரண்டாவது காரணம் மருந்து. காப்பர் ஆக்சிகுளோரைடு, இலைவழி உரம், இவற்றின் துளி பட்டு இரவெல்லாம் ஈரத்தில் கிடந்தால் பின்னில் பச்சை பூக்கும். இந்தப் பக்கம் புழுதி விதைப்பு நெல்லுக்கு மருந்து அடிக்கிற காலமே வடகிழக்குப் பருவமழைக் காலம், ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. சாயங்காலம் ட்ரோனைக் கழுவுகிறவர்கள் பலரும் டேங்கையும் நாசிலையும்தான் கழுவுகிறார்கள். பேட்டரி கனெக்டரை உலர்ந்த துணியால் துடைத்து, உள்ளே டார்ச் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது அதே அளவு முக்கியம்.

பேட்டரி, உலோக அரிப்பு என்ற இந்த இரண்டு விஷயத்துக்கும் நாடே வந்து பாடம் கேட்கிற இடம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் ஊர்ப் பேச்சில் 'செக்ரி'. லித்தியம் பேட்டரியும் உலோக அரிப்பும் அங்கே நடக்கும் ஆராய்ச்சியின் முக்கியப் பிரிவுகள். செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் வறண்ட நில ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. இந்த இரண்டு அறிவும் சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும்போது, ட்ரோன் ஓட்டுகிற பெண்களுக்கு ஒரு மல்டிமீட்டரை எப்படிப் பிடிப்பது, செல்லின் உள்தடையை எப்படிப் பார்ப்பது, பச்சை பூத்த கனெக்டரை எப்போது வெட்டி எறிவது என்று அரைநாள் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்வது கடினமான காரியம் இல்லை. பறக்கவிடும் பயிற்சியோடு இதையும் சேர்க்க வேண்டும் என்று உரக்கவே சொல்வேன்.

மெயின் லைனில் ஃபியூஸ் ஏன் இல்லை?

வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, டிராக்டரில் ஃபியூஸ் இருக்கிறது, பத்து லட்ச ரூபாய் யந்திரத்தில் மோட்டார் லைனில் இல்லையே என்று கேட்பது நியாயம்தான். வேண்டுமென்றேதான் வைப்பதில்லை. வீட்டில் ஃபியூஸ் போனால் இருட்டு, அவ்வளவுதான். இருபத்து நான்கு கிலோ பொருள் அந்தரத்தில் இருக்கும்போது ஃபியூஸ் போனால் அது யார் தலையிலாவது விழும். ஆகவே பாதுகாப்பை ஒவ்வொரு இ.எஸ்.சி.-க்குள்ளும் பிரித்து வைக்கிறார்கள்: கரண்ட் எல்லை மீறினாலோ சூடு ஏறினாலோ அந்த ஒரு கை மட்டும் குறைத்துக்கொள்ளும். பம்ப் லைனில் ஃபியூஸ் வைக்கலாம், பம்ப் நின்றால் யாரும் விழப் போவதில்லை.

இதன் மறுபக்கம்: ஷார்ட் ஆனால் தடுக்க யாரும் இல்லை. மடக்குகிற கையின் மூட்டில் வயர் தினமும் வளைந்து நிமிர்கிறது, மேலுறை அங்கேதான் முதலில் தேயும். மாற்றும்போது சிலிக்கான் உறை வயர்தான் போட வேண்டும், அது 200 டிகிரி வரை தாங்கும். வீட்டு வயரிங்கின் பி.வி.சி. உறை 70 டிகிரிக்கானது, வளைந்து கொடுக்கவும் கொடுக்காது. அதே தடிமன்தானே என்று ஊர் எலக்ட்ரிகல் கடையில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

திசைகாட்டியைக் குழப்பும் வயர்

ரிப்பேருக்குப் போய்வந்த ட்ரோன் நேராகப் போகாமல் வட்டமடிக்கிறது என்றால் வயர் போன வழியைப் பாருங்கள். கரண்ட் ஓடும் வயரைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். 72 ஆம்பியர் ஓடும் ஒற்றை வயரிலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் அது சுமார் 144 மைக்ரோ டெஸ்லா (காந்தப்புலத்தின் அளவு). நம் பகுதியில் பூமியின் காந்தப்புலமே 40 மைக்ரோ டெஸ்லா அளவுதான். காம்பஸ் எதை நம்பும்? பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒட்டிக் கட்டினால் இரண்டின் புலமும் எதிரெதிர் என்பதால் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். கம்பெனி ஒன்றாகக் கட்டி அனுப்பியதை மெக்கானிக் வசதிக்காகப் பிரித்து இரண்டு பக்கமாக ஓட்டிவிட்டால் வந்தது வினை. காம்பஸைத் தாங்கும் ஜி.பி.எஸ். கம்பம் உயரமாக நிற்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான். வளைந்துவிட்டது, இடிக்கிறது என்று அதைக் குட்டையாக்காதீர்கள்.

தரையில்: சார்ஜர், ஜெனரேட்டர், வெயில்

மேலே பேசிய பாதை உண்மையில் தொடங்குவது வரப்பில் நிற்கும் ஜெனரேட்டரில். 16,000 எம்.ஏ.எச். பெட்டியை 16 ஆம்பியரில் ஏற்றினால் (இதை 1 சி என்பார்கள்) பெட்டிக்கு 400 வாட், ஜோடிக்கு 800, சார்ஜரின் நஷ்டத்தோடு 900 வாட் அளவு, ஒரு மணி நேரம். இரண்டு மடங்கு வேகத்தில் ஏற்றினால் 1,800 வாட், 2 கே.வி.ஏ. ஜெனரேட்டர் திணறும். அவசரத்துக்கு 2 சி, மற்ற நேரம் 1 சி என்று வைத்துக்கொண்டால் பேட்டரியும் நாள்படும்.

பறந்து வந்த பேட்டரி சூடாக இருக்கும்போதே சார்ஜில் போடுவது இந்த ஊர் வெயிலில் செய்யக்கூடாத காரியம். லித்தியம் பாலிமர் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் வெப்ப எல்லை பெரும்பாலும் 45 டிகிரி. நிழலிலேயே 38, 39 அடிக்கிற நாளில், இறங்கிய பேட்டரி அந்த எல்லையைத் தாண்டித்தான் இருக்கும். மரத்தடியில் வைத்து, கையால் தொட்டால் சூடு தெரியாத நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்து செட் தருவதன் அர்த்தமே ஒன்று ஆறும்போது ஒன்று ஏறலாம் என்பதுதான்.

பறக்கும் முன் பார்க்க வேண்டியவை, வரிசையாக:

1. இரண்டு பெட்டியும் ஒரே ஜோடி எண்ணா? தனித்தனி வோல்ட்டில் வித்தியாசம் 0.1-க்குள் இருக்கிறதா?
2. எந்தப் பெட்டியாவது உப்பியிருக்கிறதா? இருந்தால் அதன் ஜோடியோடு ஒதுக்கிவிடுங்கள், 'இன்று ஒருநாள் மட்டும்' வேண்டாம்.
3. கனெக்டரில் கறுப்போ பச்சையோ, பிளாஸ்டிக் இளகிய தடமோ இருக்கிறதா?
4. முதல் டேங்க் முடிந்து இறங்கியதும் கனெக்டரையும் ஆறு கைகளையும் தொட்டுப் பாருங்கள். ஐந்து ஒன்றுபோல வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால் அந்தக் கையில் மோட்டாரோ இ.எஸ்.சி.-யோ மூட்டோ கெடத் தொடங்கிவிட்டது.

நான்காவது சோதனைக்குக் கருவியே வேண்டாம், ஆனால் பறந்து முடித்த உடனே செய்ய வேண்டும். இரண்டு நிமிஷம் கழித்தால் எல்லாம் ஆறி ஒன்றுபோலாகிவிடும்.

கடைசியாக, மழையை நம்பிய இந்தச் சீமைக்கே உரிய ஒரு விஷயம். கண்மாய் நிறைந்த வருஷம் ட்ரோனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, சம்பா அறுப்பு முடிந்தால் மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும். அப்போது பேட்டரியை முழுசாக ஏற்றி வைத்தாலும் கெடும், காலியாக வைத்தாலும் கெடும். சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' என்று ஒரு தேர்வு இருக்கும், அதில் போட்டால் செல்லுக்கு 3.8-லிருந்து 3.85 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தும். 6 எஸ் பெட்டியில் மீட்டர் 22.8-க்கும் 23.1-க்கும் இடையில் காட்ட வேண்டும். அந்த அளவில், வெயில் படாத அறையில், நெல் மூட்டைக்கும் வைக்கோலுக்கும் தள்ளி, தரையில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள், மூடியை இறுகப் பூட்டாதீர்கள். மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பெட்டி எண்ணுக்கு நேராக வோல்ட்டைக் குறித்துக்கொண்டு வந்தால், எந்தப் பெட்டி மற்றவற்றைவிட வேகமாக இறங்குகிறது என்று அடுத்த பருவம் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும்.